ரீல் 41,000 பேர் பாத்துட்டாங்க, ஆர்டர் மட்டும் மூணு. எங்க தப்பு பண்றேன்?

கொட்டகலை_நூல்வளையல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில கொட்டகலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன், பட்டுநூல் சுத்தின வளையல், பாசிமணி மாலை, மண்ணுல செஞ்ச ஜிமிக்கி எல்லாம் வீட்லயே செஞ்சு ஒரு வருஷமா இன்ஸ்டாகிராம்ல போடுறேன். கடைசியா போட்ட ரீல் 41,000 பேர் பாத்திருக்காங்க. விலை என்ன விலை என்னன்னு கமெண்ட் வந்து குமிஞ்சிருச்சு, நானும் ஒவ்வொருத்தருக்கா இன்பாக்ஸ்ல போயி செட் 850 ரூபான்னு சொன்னேன், அதோட ஆளக் காணோம். ரெண்டு மாசத்துல மூணே மூணு ஆர்டர், அதுலயும் ரெண்டு பார்சல் கூரியர்ல திரும்பி வந்துருச்சு, போக வர கூலி என் தலையில. 4,500 ரூபா விளம்பரக் காசு கட்டி ரீல பூஸ்ட்டும் பண்ணிப் பாத்துட்டேன், ஃபாலோவர்ஸ் 600 பேர் கூடினாங்க, விக்கல. அம்மா கொழுந்தெடுத்துட்டு வந்து ராத்திரி உக்காந்து பாசி கோத்துக் குடுக்குறாங்க, அவங்க மொகத்தப் பாக்கவே கஷ்டமா இருக்கு. விலை கூடவா, போட்டோ சரியில்லையா, யாராச்சும் சொல்லுங்க.

பண்டாரவளை_அக்கா:
தங்கச்சி, 850 கூட இல்ல. பட்டுநூல் செட் ஒண்ணு சுத்த எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும், இதுக்கு மேல கொறைச்சிறாதீங்க. ஒரு பேச்சுக்கு 500 ஆக்கினா நூல் காசும் கொழும்பு பொறக்கோட்டை போயி வர்ற பஸ் காசும் கழிச்சு கையில என்ன நிக்கும்? ஆனா கமெண்ட்ல விலை கேட்டா அங்கேயே விலையப் போடுங்க. இன்பாக்ஸ் வாங்கன்னு கூப்புட்டாலே பாதிப் பேர் போயிருவாங்க.

தலவாக்கலை_போன்கடை:
அக்கா, விலைய மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துட்டு சொல்லுங்க. உங்க அக்கவுண்ட் பிஸ்னஸ் அக்கவுண்ட்தானே, இன்சைட்ஸ்ல ஃபாலோவர்ஸ் பகுதியத் தொறந்தா எந்த நாடு, எந்த ஊருன்னு காட்டும். அந்த ரீலுக்கும் தனியாப் பாருங்க. அப்புறம் பூஸ்ட் பண்ணும்போது யாருக்குப் போகணும்ங்கிறத ஆட்டோமேட்டிக்னு விட்டீங்களா?

கொட்டகலை_நூல்வளையல்:
இப்பதான் பாத்தேன் தம்பி. இந்தியா 78%, இலங்கை 9% தான். ஊர்ல முதல்ல சென்னை, அடுத்து கோயம்புத்தூர், மதுரை. ஆமா, ஆட்டோமேட்டிக்னுதான் விட்டேன். இத ஒரு நாளும் தொறந்து பாத்ததே இல்ல.

தலவாக்கலை_போன்கடை:
அதுதான் விசயம். வளையல்ல ஒரு கொறையும் இல்ல, வாங்க முடியாத ஆளுங்ககிட்ட காட்டிக்கிட்டு இருக்கீங்க. தமிழ் சினிமா பாட்டு போட்டு, கேப்ஷன்ல வெறும் வளையல், ஹேண்ட்மேட்னு மட்டும் எழுதினா அது தமிழ்நாட்டுக்குத்தான் ஓடும், அங்கதானே தமிழ் ஆளுங்க கூட. ஆட்டோமேட்டிக்னு விட்டா ஏற்கனவே இருக்க ஃபாலோவர்ஸ் மாதிரி ஆட்களத் தேடித்தான் போகும், அதனால உங்க 4,500ம் அங்கயே போயிருச்சு. இன்னொண்ணு, நீங்க 850 ரூபான்னு சொன்னா சென்னைப் புள்ள அத இந்தியக் காசுன்னு நெனைக்கும். நம்ம 850 அங்க 300 கூட வராது. அவங்க விலையக் கேட்டு ஓடினது உங்க விலையப் பாத்தே இல்ல.

பயோவுல முதல் வரியில கொட்டகலை, இலங்கைன்னு போடுங்க, ஒவ்வொரு ரீலுக்கும் லொகேஷன் ஹட்டனோ நுவரெலியாவோ வைங்க, விலைய இலங்கை ரூபான்னு வீடியோ மேலயே எழுதுங்க. சிங்களத்துலயும் ரெண்டு வரி போடுங்க, நம்ம டவுன்ல பாதி வாடிக்கை அவங்கதான். மறுபடி பூஸ்ட் பண்ணா ஆடியன்ஸ நீங்களே உருவாக்கி நுவரெலியா, கண்டி, கொழும்பு மட்டும் குடுங்க, நோக்கம் மெசேஜ்னு வைங்க. ஆனா ஒரு மாசத்துக்கு பூஸ்ட்டே வேணாம்னுதான் சொல்லுவேன்.

பதுளை_கேமரா:
போட்டோ பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, ராத்திரி பல்பு வெளிச்சத்துல எடுத்ததால மட்டும் நூல் நெறம் மஞ்சளடிக்குது. நம்ம ஊர்ல காலையில பனி மூடியிருக்கும்போது வாசல்ல வச்சு எடுங்க, அந்த வெளிச்சம் நெழல் விழாம அவ்வளவு மெதுவா விழும். அப்புறம் பாட்டுக்குப் பதிலா நீங்களே பேசுங்க. தோட்டத்துப் பேச்சுன்னு கூச்சப்படாதீங்க, அந்தப் பேச்சக் கேட்டா நம்ம ஆளுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். அம்மா கையால பாசி கோக்குறத மட்டும் ஒரு நிமிசம் எடுத்துப் போடுங்க.

மஸ்கெலியா_தையல்:
பார்சல் திரும்பினத யாரும் பேசலயே. அது லயத்து அட்ரஸ், தோட்டத்து வரிசை வீட்டு அட்ரஸ் தானே? மேல் டிவிஷன், ஏழாம் லயம்னு எழுதினா மேப்லயும் காட்டாது, கூரியர் பையன் கீழ் ரோட்டுல நின்னு கோல் எடுப்பான், சிக்னல் இருக்காது, திருப்பிக் கொண்டு போயிருவான். நமக்குன்னு தனியா வீட்டு அட்ரஸ் இல்லாத கொடுமை, கடுதாசியே தோட்ட ஆபீஸுக்குப் போயி சுத்தித்தானே வருது. எனக்கு எட்டு பிளவுஸ் இப்படித் திரும்புச்சு, அழுதுட்டேன். இப்ப தோட்டத்து ஆர்டர் எல்லாம் டவுன்ல நேர்லதான் குடுக்குறேன். சம்பளம் போட்டதும் எல்லாரும் சாமான் வாங்க ஹட்டன் வருவாங்கல்ல, அந்த ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்ட் கிட்ட நின்னு குடுத்துட்டு காச வாங்கிக்கிறேன். வெளியூருக்கு முன்கூட்டியே காசு போட்டா மட்டும் அனுப்புறேன், ஸ்லிப் படத்த நம்பாம பேங்க்ல காசு ஏறிருச்சான்னு பாத்துட்டுத்தான் பார்சல் கட்டுறது.

பண்டாரவளை_அக்கா:
இவங்க சொல்றது நூத்துக்கு நூறு. வாட்ஸ்அப்பையும் விட்றாதீங்க தங்கச்சி. என் யாவாரம் முக்காவாசி ஸ்டேட்டஸ்லதான். வாட்ஸ்அப் பிஸ்னஸ் ஆப் சும்மாவே கெடைக்கும், கேட்டலாக்ல படமும் விலையும் ஏத்தி வச்சிரலாம். ஆனா உங்க நம்பர சேவ் பண்ணாதவங்களுக்கு உங்க ஸ்டேட்டஸ் தெரியாது, அதனால வளையல் கூட ஒரு சின்னக் கார்டு வச்சு, சேவ் பண்ணிட்டு ஒரு மெசேஜ் போடுங்கன்னு எழுதுங்க, வந்ததும் நீங்களும் அவங்க நம்பர சேவ் பண்ணிக்கோங்க. கட்டுநாயக்க கார்மெண்ட்ல வேலை செய்யுற நம்ம புள்ளைங்க நாலு பேர் சேந்தா போதும், அவங்க தங்கியிருக்க போர்டிங் முழுக்கப் பரவிரும். தீபாவளிக்கு ஊருக்கு வர்றப்ப போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கேப்பாங்க.

கொட்டகலை_நூல்வளையல்:
மூணு கிழமை கழிச்சு வாறேன். பயோ மாத்தினேன், பாட்ட எடுத்துட்டு நானே பேசினேன், அம்மா பாசி கோக்குற வீடியோவ 1,900 பேர்தான் பாத்தாங்க, ஆனா அதுல பாதிக்கு மேல இலங்கை. பதினொரு ஆர்டர். ஏழு செட்ட ஹட்டன்ல கையில குடுத்தேன், ரெண்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு காசு வந்தப்புறம் அனுப்பினேன், மிச்சம் ரெண்டு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கேன். மழை புடிச்சிருச்சு, மண் ஜிமிக்கி காயவே மாட்டேங்குது, அடுப்படி மேல பரண்ல வச்சா கருப்படிக்குது. இதுக்கு யார்கிட்டயாச்சும் வழி இருக்கா?

மஸ்கெலியா_தையல்:
அடுப்புக்கு மேல வேணாம், பொகை புடிச்சிரும். அட்டப் பெட்டிக்குள்ள ஒரு குண்டு பல்ப எரிய விட்டு, மேல வலை போட்டு அதுல பரப்புங்க. பல்பு அட்டையில படாமப் பாத்துக்கோங்க, ஆளில்லாதப்ப அமத்திருங்க. நாளைக்கு படம் எடுத்துப் போடுறேன்.