உடைஞ்ச லோங் போர்ட்ல செஞ்ச சிங்கிள் ஃபின்னுக்கு மின்னல் டிசைன் போடணும்: கலர் பரவுது, வெள்ளை காணாமப் போகுது, உதவுங்க

உல்லைத்தம்பி:
ஸலாம், வணக்கம் எல்லாருக்கும். நான் பொத்துவில், அறுகம்பேயில சேர்ஃப் போர்ட் டிங் ரிப்பேர் (அடிபட்ட, உடைஞ்ச இடத்த சரிபண்றது) செய்ற ஆள். போன சீசன் முடியக்குள்ள ஒரு வெள்ளக்காரன் மூக்குப் பக்கம் உடைச்சிட்டு இனி வேணாம் எண்டு விட்டுட்டுப் போன 9 அடி லோங் போர்ட் ஒண்டு சும்மா கிடந்திச்சி, அதுட ஃபைபர் முழுக்க உரிச்சி எடுத்திட்டு உள்ள இருந்த ஃபோம வச்சி 6 அடி 6 அங்குலத்துல ஒரு சிங்கிள் ஃபின் (கீழ ஒரே ஒரு துடுப்பு உள்ள போர்ட்) ஷேப் பண்ணியிருக்கன். ஷேப் நல்லா வந்திருக்கு (நான் சொல்லல்ல, பாத்தவங்க சொன்னது). இப்ப டிசைன்லதான் சிக்கிட்டன்.

70கள்ல ஹவாய்ல வந்த லைட்னிங் போல்ட் போர்ட் மாதிரி டெக் (போர்ட்ட மேல்பக்கம்) நடுவுல நீட்டா ஒரு மின்னல் வேணும், சிவப்பு மின்னல், சுத்திவர வெள்ளை போர்டர். நெட்ல படம் எடுத்து கொமினிகேஷன் கடையில குடுத்து சாதாரண ஏ4 தாள்ல கலர் பிரிண்ட் அடிச்சி, மிச்ச ஃபோம் துண்டுல வச்சி மேல ஃபைபர் துணி போட்டு பொலியெஸ்டர் ரெசின் ஊத்தி டெஸ்ட் பாத்தன். தாள் ஒரு பக்கம் ஊடு தெரியிது, ஒரு பக்கம் திட்டுத் திட்டா வெள்ளையா நிக்கிது. சிவப்பு ஓரமெல்லாம் ரோஸ் கலரா பரவியிருக்கு. வெள்ளை போர்டரக் காணவே இல்ல, பழைய ஃபோம்ட மஞ்சள்தான் தெரியிது. நகத்தால மூலையத் தூக்கினா துணி தாளோட கழண்டு வருது.

ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிட்டு மேல ரெசின் ஊத்தினா சரிவருமா? ஏப்ரல்ல ஆக்கள் வரத் தொடங்கிரும், அதுக்கு முன்ன முடிச்சி வாடகைக்கும் விடுற யோசனை இருக்கு.

கல்முனை அச்சுக்காரன்:
முதல்ல அந்த ஸ்டிக்கர் யோசனைய விடுங்க தம்பி. அது வைனில், பிளாஸ்டிக். ரெசின் அதுல பிடிக்காது, ஃபோமுக்கும் துணிக்கும் நடுவுல அந்த அளவுக்கு ஒட்டாத இடம் ஒண்டு வந்திரும், நீங்க மேல நிண்டு மிதிக்க மிதிக்க அதச் சுத்தித்தான் கழளத் தொடங்கும். எல்லாம் முடிஞ்ச போர்டுக்கு மேலால ஒட்டுறதெண்டா ஒட்டலாம், வெயிலுக்கும் கால் வழுக்காம பூசுற வேக்ஸுக்கும் எவ்வளவு நாள் தாங்கும் எண்டு நான் சொல்லத் தேவல்ல.

தாள் விசயம் என்னெண்டா, கம்பனிக்காரன் போர்டுல போடுற லோகோ ரைஸ் பேப்பர் எண்டு சொல்ற மெல்லிசுத் தாள்ல ஸ்கிரீன் பிரிண்ட் அடிச்சது. ரெசின் ஊறினா நாருக்கிடையில இருக்கிற காத்து போய் தாள் மறைஞ்சிரும், வடை சுத்தின பேப்பர்ல எண்ணெய் ஊறினா அடுத்த பக்கம் தெரியுதே அந்தக் கணக்குதான், மை மட்டும் நிக்கும். ஏ4 தாள் தடிப்பு, அதுக்குள்ள சுண்ணாம்புப் பவுடர் எல்லாம் போட்டுத்தான் செய்ற, ரெசின் முழுக்க இறங்காது. திட்டு வந்ததும் அதால, கழண்டதும் அதால.

வெள்ளை போர்டர் ஏன் போச்சி எண்டா அது அங்க இருக்கவே இல்ல. சாதாரண பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது, தாள்ட வெள்ளைதான் உங்களுக்கு வெள்ளையாத் தெரிஞ்சது. பரவினது இங்க்ஜெட்ல வாற சாய மை. பிக்மென்ட் மை உள்ள பிரிண்டர் எண்டா நல்லம், வெயிலுக்கும் கெதியா வெளிறாது. அடிச்சி நல்லாக் காய விட்டு ரெண்டு பக்கமும் கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே மெல்லிசா ஒரு வாட்டி, மறுகா ஒரு வாட்டி. அப்பவும் முதல்ல துண்டுல டெஸ்ட் பாருங்க, ஒவ்வொரு மையும் ஒவ்வொரு மாதிரி.

உல்லைத்தம்பி:
மிச்சம் நன்றி அண்ணன். ரைஸ் பேப்பருக்கு இங்க எங்க போற, புக் ஷொப்ல கிஃப்ட் சுத்துற டிஸ்யூ இருக்கு அது சரிவருமா? மறுகா இந்த மஞ்சளுக்கு என்ன செய்ற?

கல்முனை அச்சுக்காரன்:
வெள்ளை டிஸ்யூ சரிவரும். கலர் டிஸ்யூ தொடாதீங்க, அதுட சாயமே கழண்டு வரும். டிஸ்யூவ ஏ4 தாளுக்கு மேல வச்சி பிரிண்டருக்குள்ள போற விளிம்ப மட்டும் கம் ஸ்டிக்கால ஒட்டி விடுங்க, இல்லாட்டி உள்ள சுருண்டு கொமினிகேஷன்காரன்ட ஏச்சுக்கு நான் பொறுப்பில்ல.

ஒலுவில் ஃபைபர் காக்கா:
ரெண்டு பேரும் பிரிண்டர்லயே நிக்கிறீங்க. தம்பி, மின்னல் எண்டா என்ன, ஏழெட்டு நேர்கோடு. அதுக்கு என்னத்துக்கு பிரிண்ட்? நான் வள்ளத்துக்கு ஃபைபர் அடிக்கிறவன், பேரும் நம்பரும் எல்லாம் மாஸ்கிங் டேப் போட்டு கையாலதான் எழுதுற.

மஞ்சள் ஃபோமுக்கு ரெண்டு வழி. ஒண்டு, ஃபோம்லயே மின்னல் வாற இடத்துக்கு மட்டும் தண்ணிப் பெயிண்ட், வெள்ளை அக்ரிலிக், மெல்லிசா அடிச்சி நல்லாக் காய வச்சி அதுக்கு மேல சிவப்பு. மெல்லிசா எண்டு சொன்னத கவனிங்க, தடிப்பா அடிச்சா ரெசின் பெயிண்டுலதான் ஒட்டும், ஃபோம்ல ஒட்டாது, மறுகா உங்கட ஏ4 கதைதான். ரெண்டாவது, நான் எண்டா இதத்தான் செய்வன்: துணி போட்டு லேமினேஷன் முடிச்சி அடுத்த கோட்டும் ஊத்தி, காஞ்சாப்புறம் 220 சாண்ட் பேப்பரால மினுக்கம் போக உரசி, டேப் ஒட்டி, முதல் வெள்ளை, காய விட்டு உள்பக்கம் டேப் போட்டு சிவப்பு. பெயிண்ட் கொஞ்சம் ஈரமா இருக்கக்குள்ளயே டேப்ப எடுங்க, ஓரம் பிஞ்சி வராது. அதுக்கு மேல மெல்லிசா ஒரு கிளியர் கோட். இப்பிடிச் செஞ்சா பிழைச்சாலும் உரசிட்டுத் திருப்பி அடிக்கலாம், உள்ள போன டிஸ்யூ பிழைச்சா அவ்வளவுதான்.

இன்னொண்டு. வள்ளத்துக்கு அடிக்கிற மெட் (தடிப்பான ஃபைபர் நார்ப் பாய்) வாங்கிப் போட்டிராதீங்க, அது ரெசினக் குடிச்சி பாரமாகிரும், கீழ ஒண்டும் தெரியாது. 4 அவுன்ஸ் இல்லாட்டி 6 அவுன்ஸ் துணிதான். வள்ளத்துக்கு வாற ரெசின்ல சிலது ரோஸ் நிறமா இருக்கும், ஹார்ட்னர் விட்டா நிறம் மாறும், வெள்ளை போர்டருக்கு மேல ஊத்த முதல் துண்டுல பாருங்க. காலையில வெயில் ஏறக்குள்ள ஊத்த வேணாம். ஃபோம் சூடாகி உள்ள இருக்கிற காத்து விரிஞ்சி டிசைனுக்குக் கீழ முட்டை முட்டையா வந்து நிக்கும். பின்னேரம் சூடு இறங்கக்குள்ள ஊத்துங்க. ஹார்ட்னர் லீட்டருக்கு 10 மில்லிக்கிட்ட போதும், நம்மட சூட்டுக்கு கூடப் போட்டா வாளிக்குள்ளயே கட்டியாகிரும்.

பாசிக்குடா மச்சான்:
இங்க அலையே இல்ல, நாங்க எல்லாம் இடுப்பளவு தண்ணியில நிண்டு இதுகள வாசிச்சிட்டு இருக்கம். நடத்துங்க மச்சான்.

மருதமுனைப் புள்ள:
நான் சேர்ஃப் பண்றல்ல, தம்பிக்காக எழுதுறன். பழைய லோங் போர்டுகள்ல துணி பதிச்ச டிசைனும் வரும் தானே, பூப்போட்ட பருத்தித் துணிய ரெசினுக்குள்ள வச்சி அடிக்கிற. எங்கட ஊர் கைத்தறி சாரன் துணியில அத ஏன் ஒருத்தரும் செய்றல்ல? கட்டமும் கோடும் எல்லாம் ரெடியா இருக்கு, ஒருத்தன்ட லோகோவும் தேவல்ல.

ஒலுவில் ஃபைபர் காக்கா:
நல்ல யோசனை தங்கச்சி. கஞ்சி போகக் கழுவி நல்லாக் காய வைக்கணும், ஈரம் இருந்தா ரெசின் பால் மாதிரி வெளுத்திரும். பருத்தி ரெசின் கூடக் குடிக்கும், அதால முழு டெக்குக்கும் போடாம நடுவுல ஒரு பட்டியா போட்டா பாரம் ஏறாது. நனைஞ்சா கலர் ஒரு படி கறுக்கும், அதப் பாத்து கொஞ்சம் வெளிர் நிறமா எடுங்க.

வாவிக்கரை:
ஒருத்தரும் கேக்காத கேள்விய நான் கேக்கிறன். அந்த மின்னல் ஜெர்ரி லோபஸும் ஜாக் ஷிப்லியும் தொடங்கின கம்பனிட மார்க், லோபஸ் 1972லயும் 1973லயும் ஹவாய்ல நடக்கிற பைப்லைன் மாஸ்டர்ஸ் சேர்ஃப் போட்டிய வெண்ட ஆள். இண்டைக்கும் அந்த மார்க்ல சாமான் விக்கிறாங்க. உங்கட போர்டுல உங்கட ஆசைக்குப் போட்டு நீங்களே ஓடினா ஒருத்தரும் பொத்துவிலுக்குத் தேடி வரப்போறல்ல. ஆனா வாடகைக்கு விடுறன் எண்டு சொல்லிட்டீங்க, அது வியாபாரம். நம்மட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு ஆள் தன்ட சொந்தத் தேவைக்கு ஒரு கொப்பி எடுக்கிறதுக்கு இடம் வச்சிருக்கு, ஆனா அடுத்தவன்ட மார்க்க வச்சி சனத்தக் குழப்பி வியாபாரம் செய்றத விடாது.

உல்லைத்தம்பி:
அண்ணன், 70கள்ல எவனெவனோ தன்ட போர்டுல எல்லாம் அந்த மின்னலப் போட்டவன் எண்டு சொல்றாங்களே? ஆஸ்திரேலியாக்காரன் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979ல இருந்து 1982 வரைக்கும் நாலு தரம் சேர்ஃபிங்ல உலக செம்பியன், அவர்ட எம்ஆர் லோகோவே சுப்பர்மேன்ட நெஞ்சுல இருக்கிறதப் பாத்துச் செஞ்சதுதானே!

வாவிக்கரை:
பாத்துச் செஞ்சார், ஆனா உள்ள தன்ட எழுத்தப் போட்டார். நீங்களும் அதச் செய்ங்க. மின்னல் எண்ட வடிவம் வானத்துட, வளைவும் நீளமும் நிறமும் அச்சொட்டா அவங்கட மாதிரி வச்சாத்தான் சிக்கல். 60கள்ட லோங் போர்டுல வந்த குறுக்குப் பட்டி, ஓரத்துல ஓடுற மெல்லிசுக் கோடு இதெல்லாம் ஒருத்தன்ட சொத்தும் இல்ல, அதுகளும் பழைய ஸ்டைல்தான். எனக்கு உண்மையான கோவம் வேற இடத்துல. சிலர் பழைய ஷேப்பர் (போர்ட் செஞ்ச ஆள்) ஒருத்தர்ட கையெழுத்தையும் நம்பரையும் பென்சிலால எழுதிட்டு செகண்ட் ஹேண்ட் எண்டு டூரிஸ்டுக்கு விக்கிறாங்க. அது டிசைன் இல்ல, களவு. உங்கட போர்ட்ல உங்கட பேர எழுதுங்க தம்பி, ஒரு உடைஞ்ச போர்ட உரிச்சி ஷேப் பண்ணத் தெரிஞ்சவனுக்கு என்ன வெக்கம்?

உல்லைத்தம்பி:
சரி, முடிவு இதான். காக்கா சொன்ன மாதிரி டேப் போட்டு கையாலதான் அடிக்கப் போறன், மின்னல நடுவுல இல்லாம வால் பக்கமா சரிச்சி, ரெண்டு மடிப்புக்குப் பதிலா மூணு மடிப்பு. குறுக்கால மருதமுனைத் துணிப் பட்டி ஒண்டு. கறுப்பு போடுற ஆசையும் இருந்திச்சி, இங்க ஆக்கள் சேர்ஃப் பண்ற மெயின் பொய்ன்ட்ல மத்தியான வெயில்ல கறுப்பு டெக் சுட்டு வேக்ஸ் உருகுறதும், வாடகைக்காரன் மணல்ல போட்டுட்டு ரொட்டி சாப்பிடப் போறதும் ஞாபகம் வந்து விட்டுட்டன். பேர் பென்சிலால ஸ்ட்ரிங்கர்ல (ஃபோம் நடுவுல ஓடுற மரப்பட்டி), ஓம், என்ட பேர்தான்.

பாசிக்குடா மச்சான்:
இடையில ஒரு சின்ன சந்தேகம், நான் பகிடி இல்லாமத்தான் கேக்கிறன். ஃப்ரிட்ஜ் பெட்டியில வாற ரெஜிஃபோம் பெரிய துண்டு இருக்கு, அதுல புள்ளைக்கு ஒரு குட்டி போர்ட் செஞ்சி இதே மாதிரி ரெசின் ஊத்தலாமா?

ஒலுவில் ஃபைபர் காக்கா:
பொலியெஸ்டர் ரெசின ரெஜிஃபோம்ல ஊத்தினா கண் முன்னால கரைஞ்சி குழியாகிரும். அதுக்கு எபொக்சி ரெசின்தான், விலை கூட. ஸ்ப்ரே பெயிண்டும் நேரா அடிச்சிராதீங்க, அதுவும் கரைக்கும், தண்ணிப் பெயிண்ட் மட்டும். முதல்ல ஒரு துண்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்திட்டு படம் போடுங்க, மறுகா கதைப்பம்.