கொடைக்கானலில் அந்தரத்தில் விருந்து: வரலாமா, கூடாதா?

ஆனந்தகிரி விடுதிக்காரன்:
கிரேனில் தொங்கும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். 2006-இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. மேசையைச் சுற்றி 22 பேர், ஒவ்வொருவரையும் இருக்கையோடு வார் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். நடுவில் சமையல்காரரும் பரிமாறுபவர்களும் நிற்க, கிரேன் 50 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. பெருநகரங்களில் கீழே ஊர் முழுவதும் விரிந்து கிடக்கும். நம் ஊரில் தெற்குச் சரிவு ஓரமாக அமைத்தால் பெரியகுளத்து விளக்குகள் தெரியும். எதிர்ப்பவர்கள் எதிர்க்கலாம், ஆனால் காரணத்தோடு எதிர்க்கவும். 'மலையைக் காப்போம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போக வேண்டாம்.

செண்பகனூர் டீச்சர்:
காரணம்தானே தம்பி, சொல்கிறேன். சமவெளி நகரத்தில் நின்ற இடத்திலிருந்து எதுவும் தெரியாது, அதனால் கிரேன் வேண்டியிருக்கிறது. நம்மை மலையே 2,100 மீட்டர் தூக்கி வைத்திருக்கிறது. அதற்கு மேல் இன்னும் ஐம்பது மீட்டர் எதற்கு? கோக்கர்ஸ் வாக் 1872-இல் போட்ட பாதை. அந்த ஒரு கிலோமீட்டரில் எந்த வளைவில் நின்றாலும் நீங்கள் விற்க நினைக்கும் அதே பெரியகுளம் தெரிகிறது. நுழைவுக் கட்டணம் ஒரு டீ, வடைக் காசுக்கு மேல் போகாது.

பிற்பகல் மேகத்தையும் மறந்துவிட்டீர்கள். முதலில் பள்ளத்தாக்கின் அடியில் பஞ்சுப் பிசிறு போல ஒன்று தெரியும். அது மரங்களின் உச்சியைத் தடவிக்கொண்டே ஏறும். கைப்பிடிக் கம்பி ஈரமாகும். அப்புறம் பக்கத்தில் நிற்பவரின் ஸ்வெட்டர் நிறம்கூடத் தெரியாது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி மேலே போனவருக்கு என்ன காட்டுவீர்கள்?

ஆனந்தகிரி விடுதிக்காரன்:
மேகத்துக்குள் உட்கார்ந்து சாப்பிடவும் ஆள் வருவார்கள், டீச்சர். நான் கேட்பது வேறு. 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்துவிட்டது. அது சரியான தீர்ப்பு என்று இங்கே எல்லோரும் கைதட்டினீர்கள். வருகிறவர்கள் எண்ணிக்கை கூடாது என்றால், வருகிறவர் ஒவ்வொருவரும் கூடுதலாகச் செலவு செய்தால்தானே ஊர் பிழைக்கும்? காலையில் ஏறி, ஏரியைச் சுற்றி, காரிலேயே புளிசாதம் சாப்பிட்டு, குப்பையை விட்டுவிட்டு மாலையில் இறங்குகிறவர்களை வைத்து என்ன செய்வது? ஒரே ஒரு மேசை, ஒரு வேளைக்கு 22 பேர். அதனால் எந்தக் காடு அழிந்துவிடும்?

வத்தலக்குண்டு டிரைவர்:
விடுதிக்கார அண்ணன் பணக் கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேன் மேலே எப்படி வரும்? 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பரிலிருந்து மலைப்பாதையில் தடை. 22 பேரோடு ஒரு மேசையை ஐம்பது மீட்டர் தூக்குகிற கிரேன் பெரும்பாலும் அந்த நீளத்தைத் தாண்டும். சிறப்பு அனுமதி வாங்கினாலும், கொண்டை ஊசி வளைவில் ஒரு சரக்கு லாரி திணறினாலே பெருமாள்மலை வரை வண்டிகள் நிற்கின்றன. சீசனில் அந்தக் கிரேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நான் அன்றைக்கு வாங்குகிற திட்டுக்கு உங்கள் விருந்தில் ஒரு இருக்கை இலவசமாகத் தர வேண்டும்.

கிரேன் மெக்கானிக்:
நீளத்தை விடுங்கள், காற்றுக்கு வருவோம். ஆள்களைத் தூக்கும்போது காற்று மணிக்கு முப்பது கிலோமீட்டரை நெருங்கினாலே வேலையை நிறுத்திவிடுவது வழக்கம். சரிவு ஓரத்தில் காற்று கீழிருந்து மேலே மோதும், அதுவும் திடீரென்று. அடிவாரத்துப் பழனியிலேயே பாருங்கள், பலத்த காற்று என்றால் ரோப் காரை நிறுத்திவிடுகிறார்கள். மாதம் ஒரு நாள் பராமரிப்பு, ஆண்டுக்கு ஒரு முறை வாரக்கணக்கில் பராமரிப்பு. 2007-இல் நான்கு உயிர் போன விபத்தை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. இவ்வளவுக்கும் அது நிரந்தரத் தூண்களில் ஓடுவது, நீங்கள் சொல்வது ஒற்றைக் கொக்கியில் தொங்குவது.

இன்னொன்று. 2025 நவம்பரில் மூணாறு பக்கம் ஆனச்சாலில் இதே மாதிரி தொங்கும் உணவகத்தில் கிரேன் பழுதாகி, குழந்தைகளோடு ஒரு குடும்பம் நூறடிக்கு மேலே மாட்டிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் கயிற்றில் இறக்கினார்கள். தொழிலில் பழுது வரத்தான் செய்யும், அதற்காக நான் பயப்படவில்லை. கொடைக்கானல் டிசம்பர் இரவில் இரண்டு மணி நேரம் வாரோடு கட்டுண்டு தொங்கும் சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீர் வந்தால் என்ன ஏற்பாடு? அதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரி எழுதுங்கள்.

ஆனந்தகிரி விடுதிக்காரன்:
உலகத்தில் பல நாடுகளில் நடக்கிறது. எல்லோரும் அடக்கிக்கொண்டா தொங்குகிறார்கள்? ஒரு சுற்று ஒரு மணி நேரம்தான்.

கிரேன் மெக்கானிக்:
கிரேன் ஒழுங்காக இறங்கினால் ஒரு மணி நேரம்.

பூம்பாறை பூண்டு:
எல்லோரும் தூக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தட்டில் என்ன இருக்கும்? பனீர் டிக்காவும் நூடுல்ஸும்தானே? அதற்கு ஐம்பது மீட்டர் ஏற வேண்டாம், ஏழு ரோட்டிலேயே கிடைக்கும். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது. இன்றும் வீட்டில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டித்தான் வைக்கிறோம். தோல் பழுப்பேறி, பல்லை நசுக்கினால் கண் கரிக்கும். அதை நெய்யில் வதக்கி ஒரு ரசம் வைத்துக் கொடுக்கிற உணவகம் இந்த ஊரில் எத்தனை? கீழ்மலையில் தாண்டிக்குடி காப்பி இருக்கிறது, மலைவாழை இருக்கிறது. வெளியூர்க்காரர் சாக்லேட் டப்பாவோடு இறங்கிப் போகிறார். முதலில் மேசையைத் தரையிலேயே போட்டு இதையெல்லாம் பரிமாறுங்கள். அதற்கு நல்ல விலை கொடுப்பவர் வருகிறாரா என்று பார்ப்போம்.

ஆனந்தகிரி விடுதிக்காரன்:
பூண்டு ரசத்துக்கு யார் மூவாயிரம் கொடுப்பார், அண்ணாச்சி? படம் எடுத்துப் போடுவதற்குத்தான் பணம். சரி, கிரேன் வேண்டாம் என்றே வையுங்கள். சரிவிலிருந்து நீட்டிய கண்ணாடித் தளம், நிரந்தரமாக. அதற்கு யாருக்கு என்ன ஆட்சேபம்?

செண்பகனூர் டீச்சர்:
கிரேனையாவது ஒருநாள் இறக்கிக் கொண்டுபோய்விடலாம். 1990களில் இங்கே இரண்டு தளத்துக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழும்பிய ஹோட்டல் வழக்கு நினைவிருக்கிறதா? அதற்குக் கொடுத்த விதிவிலக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்யும் அளவுக்குப் போனது. சரிவில் தூண் இறக்குவதாக இருந்தால் வரைபடத்தை முதலில் இங்கே போடுங்கள், பேசுவோம்.

பூம்பாறை பூண்டு:
படத்துக்குத்தான் மூவாயிரம் என்று அவரே சொல்லிவிட்டார். தம்பி, கிலோவுக்கு என்ன விலை தருவீர்கள் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். மேசை தொங்கினாலும் சரி, நின்றாலும் சரி.