புதுப்பிப்பு: கடல் ஒவ்வாத அம்மாவுக்குக் கப்பலில் எந்த அறை?

காசிமேட்டில் சித்தப்பாவின் ஃபைபர் போட்டில் ஏறி அரை மணி நேரத்திலேயே வாந்தி எடுத்தவர் எங்கள் அம்மா. அவரைத் திருகோணமலை போகும் கப்பலில் கூட்டிப்போக எந்த அறை எடுப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு ராயபுரத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தோம்.

மேல்தளத்தில் முன்பக்கம் பால்கனி அறை எடுக்கத்தான் நினைத்திருந்தேன். அதை மாற்றியது காசிமேட்டு அண்ணன் ஒருவரின் பதில்: "சீசா பலகையைப் பாரும்மா, இரண்டு முனையும்தான் ஏறி இறங்கும். நடு அப்படியே இருக்கும்." பக்கவாட்டு ஆட்டமும் மேலே போகப்போகத்தான் கூடும். அதனால் நடுவில், கீழ்த்தளத்தில், ஜன்னல் உள்ள அறை எடுத்தோம். விலையும் குறைவு. ஜன்னல் வழியே தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததே அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அவோமின் என்ற குமட்டல் மாத்திரையை அம்மா கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட்டார். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது. இரவு அலை கொஞ்சம் பெரிதாக இருந்தும் அம்மா ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை!

எதிர்பாராதது ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்கு ஒரு நாள் முழுக்கத் தரை ஆடுவது போலவே இருந்தது. பயந்துபோய் டாக்டரிடம் கேட்டோம். கடல் பயணத்துக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான், தானாகப் போய்விடும் என்றார். மறுநாள் சரியாகிவிட்டது.

அப்புறம், லிஃப்டை ஒட்டிய அறையைத் தவிர்த்துவிடுங்கள். இரவெல்லாம் பேச்சுச் சத்தம்.