தேய்பாகமா, தேய்மானப் பாகமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்கிட் ஸ்டீயர் லோடர் என்ற, முன்னால் பக்கெட் மாட்டி மண் அள்ளும் சிறு வண்டியின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும்போது ‘வேர் பார்ட்’ (wear part, தேயத் தேய மாற்ற வேண்டிய பாகம்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒலிபெயர்த்து எழுதினால் படிக்கிறவர் மரத்தின் வேரைத்தான் நினைப்பார். தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும். என் பரிந்துரை: தேய்பாகம்.

‘உதிரிபாகம்’ இருக்கிறதே, போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஹைட்ராலிக் பம்பும் உதிரிபாகம்தான். ஆனால் பழுதானால்தான் அதைத் தொடுவோம். பக்கெட்டின் வெட்டுவிளிம்பு அப்படியில்லை, தேயட்டும் என்றே மாட்டி வைத்தது. மண்ணும் ஜல்லியும் முதலில் அதைத்தான் உரசும், பக்கெட்டின் உதடு தப்பிக்கும். போல்ட் போட்டு மாட்டும் விளிம்புகள் பலவற்றில் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று தேய்ந்ததும் கழற்றித் திருப்பிப் போடலாம். மற்றதும் தேய்ந்த பிறகு, இன்னும் ஒரு வாரம் ஓடட்டும் என்று விட்டால் போல்ட் தலைகள் அரைபடும். அப்புறம் பக்கெட்டோடு பற்றவைத்த அடித்தகடே கரையத் தொடங்கும். விளிம்பு வாங்கும் செலவு எங்கே, பக்கெட்டை அறுத்து வெல்டிங் வைக்கும் செலவு எங்கே. இந்த வேறுபாட்டை ‘உதிரிபாகம்’ சொல்லாது.

‘தேய்மானப் பாகம்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் தேய்மானம் என்ற சொல்லைக் கணக்கர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சொத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு குறைவதற்கு அதுதான் பெயர். ‘தேய்மானப் பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று எழுதினால், ஏற்கெனவே தேய்ந்துபோனவற்றுக்கு என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. தேய்பிறை போல வினைத்தொகையாக நிறுத்தினால் தேய்ந்தது, தேய்கிறது, தேயும் மூன்றும் அடங்கிவிடும். பெட்டி பிரிக்காத புதுப் பக்கெட் பல்லும் தேய்பாகம்தான். நடுவில் ‘ப்’ சேர்க்காதீர்கள், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஒரு பாகத்தில் தேய்கிற இடத்தையும் இது குறிக்காதா என்றால், அங்கே ‘தேயும் பகுதி’ என்று எழுதிக்கொள்ளலாம்.

எதையெல்லாம் இதில் சேர்ப்பது என்பதில் கையேட்டோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயில், கிரீஸ், வடிகட்டி எல்லாவற்றையும் பற்களோடு ஒரே அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். வடிகட்டி தேய்வதில்லை, அடைத்துக்கொள்கிறது. அவற்றை ‘நுகர்பொருள்’ என்று பிரித்துவிடுவோம்.

டயர் சந்தேகமில்லாமல் தேய்பாகம். இந்த வண்டியில் சக்கரம் காரில் போல இடம் வலமாகத் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கச் சக்கரங்கள் மெதுவாகவும் அல்லது எதிர்த்திசையிலும் சுழல, டயர் தரையில் இழுபட்டுத்தான் வண்டி திரும்பும். கான்கிரீட்டிலும் தார்ச்சாலையிலும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஓட்டினால் ரப்பர் கண் முன்னால் கரையும். அதோடு நிற்பதில்லை. மோட்டாரிலிருந்து சங்கிலி வழியாகச் சக்கரம் சுற்றும் வண்டிகளில் ஒரு பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே மோட்டாரில் ஒரே வேகத்தில் சுற்றுபவை. முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்றால் இரண்டின் சுற்றளவும் வேறு; ஒன்றையொன்று இழுக்க, சங்கிலி அடிவாங்கும். ‘ஒரு பக்கத்து டயர்களைச் சேர்த்தே மாற்றவும்’ என்ற வரியின் காரணம் இதுதான். மொழிபெயர்ப்பில் இந்த வரியை யாரும் சுருக்கிவிட வேண்டாம்.

தூக்குக்கைகளின் மூட்டுகளில் வரும் பின் (மூட்டைக் கோக்கும் உருளை), புஷ் (பின்னைச் சுற்றி உள்ளே பொருத்தும் வளையம்) இரண்டும் தேய்பாகங்களே. ஆனால் அவற்றின் ஆயுள் கிரீஸ் கன் பிடிக்கிறவர் கையில். பெரும்பாலான வண்டிகளில் எட்டுப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் முனையை) துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் கிரீஸோடு மணலும் உள்ளே போய், புஷ்ஷுக்கு உப்புத்தாள் போட்டதாகிவிடும்.

கிரீஸ், புஷ், பக்கெட் ஆகியவை பட்டறையில் புழங்குகிற சொற்கள். அவற்றை நாம் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பின்னுக்கு ‘ஊசி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மணிக்கட்டுத் தடிமனில் உருக்கு உருளையைப் பார்த்த எந்த ஆப்பரேட்டரும் அதை ஊசி என்று ஏற்கமாட்டார். ‘பின்’ என்றே விடலாம் என்றாலும் சிக்கல்: ‘பின் தேய்பாகங்கள்’ என்றால் வண்டியின் பின்பக்கத்தில் தேடுவார்கள். இப்போதைக்கு ‘மூட்டுப் பின்’ என்று போட்டிருக்கிறேன். ‘முளை’ சரிவருமா? பட்டறையில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.