புதுப்பிப்பு: ஒட்டிப்போன இன்லேண்ட் கடிதங்கள் பிரிந்துவிட்டன

உசிலம்பட்டிப் பக்கம் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஈரம் பட்டு ஒட்டிக் கிடந்த கடிதங்களை எப்படிப் பிரிப்பது, எந்த வருடத்தவை என்று எப்படி அறிவது என முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

பலித்தது ஈரக்காற்று யோசனைதான். மூடியுள்ள டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த துணி, மேலே கம்பி வலை, அதன்மேல் கடிதக் கட்டு. துணி காகிதத்தில் படக்கூடாது. ராத்திரி முழுக்க வைத்ததும் பசை இளகியது. மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை விட்டுப் பிரித்து, வெள்ளைத் தாள்களுக்கு நடுவே உலர்த்தினேன். கொதிக்கும் நீராவியில் மட்டும் காட்டாதீர்கள், பேனா மை கரைந்துவிடும்.

வருடத்துக்கு விடை கடிதத்தின் தலைப்பிலேயே இருந்தது: 'பரிதாபி ௵ தை ௴'. ௵ வருடம், ௴ மாதம் என்று இங்கே ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. பரிதாபி என்ற தமிழ் வருடம் 60 வருடத்துக்கு ஒருமுறை வரும்; அதனால் 1913 தையாகவும் இருக்கலாம், 1973 தையாகவும் இருக்கலாம். ஆனால் இன்லேண்ட் கடிதம் வந்ததே 1950-இல். அப்படியானால் இது 1973 தை. பின்கோடு 1972 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, ஆனாலும் முகவரியில் அது இல்லை.

எதிர்பாராதது: கல்யாணச் சேதிகள் மஞ்சள் தடவிய ஓரத்தோடு அப்படியே இருக்கின்றன, சாவுச் சேதி ஒன்றுகூட இல்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்றார் அத்தை. மூலக் கடிதங்கள் அவரிடமே இருக்கின்றன. சொந்தங்களுக்கு வண்ணப் படங்களாக அனுப்பிவிட்டேன்.