கிளையன்ட் ரேட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அரசு மானியத்தில் நடக்கும் முதியோர் பராமரிப்புக்கு, பராமரிப்பைப் பெறுபவர் கட்டவேண்டிய தொகைக்கு 'கிளையன்ட் ரேட்' என்று பெயர். தமிழ்த் தகவல் ஏடு ஒன்றுக்காக 'வாடிக்கையாளர் கட்டணம்' என்று எழுதிவைத்தேன். கடைக்கணக்கு மாதிரி ஒலிக்கிறது. வேறு சொல் உண்டா? 'ஹோம் சப்போர்ட்' என்பதற்கு 'இல்லப் பராமரிப்பு' போதும்தானே?

-----

அக்கா,

'வாடிக்கையாளர்' போகட்டும், எனக்கு உறுத்துவது 'கட்டணம்'தான். கட்டணம் என்றால் பஸ் டிக்கெட் போல ஏறுகிற எல்லாருக்கும் ஒரே விலை என்று தோன்றும். அங்கே அப்படியில்லை. நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் இருவர், ஒரே சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு வேறு வேறு தொகை கட்டுவார்கள். வரி போன வருமானத்தில் 80 விழுக்காடு என்பதுதான் கணக்கு. ஆண்டுக்கு 30,000 டாலர் நிற்கிறவருக்கு மாதம் 2,000 டாலர் வரும். வருமானம் 19,500 டாலருக்குக் கீழே என்றால், மாதம் 325 டாலரை அவர் கைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். இதற்கெல்லாம் மேலே, அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு வேறு. சொத்து இந்தக் கணக்கில் வராது. 'வீட்டை விற்கச் சொல்வார்களோ' என்று பயப்படும் பெரியவர்களுக்காக இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துக்கொள்ளும் 'ஹோம் சப்போர்ட்'டுக்கும் வருமானம்தான் அடிப்படை. கழிவுகள் போக மிஞ்சும் ஆண்டு வருமானத்தை 720ஆல் வகுத்தால் நாள் வீதம் கிடைக்கும். 7,200 மிஞ்சினால் நாளுக்கு 10 டாலர். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் ஜி.ஐ.எஸ். உதவித்தொகையைப் பெறுபவர் ஒன்றும் கட்டவேண்டியதில்லை. பராமரிப்பைப் பெறுபவரோ அவருடைய துணைவரோ வேலை பார்த்துச் சம்பாதித்தால் மாதம் 300 டாலருக்கு மேல் வாங்கமாட்டார்கள்.

ஆகவே 'பயனாளி பங்குத்தொகை' என்கிறேன். தமிழ்நாட்டில் அரசு வீட்டுத் திட்டங்களில் 'பயனாளி பங்களிப்புத் தொகை' என்பது பழகிய சொல். இலங்கையில் 'சமுர்த்திப் பயனாளி' என்பதைக் கேட்காதவர் யார்?

'இல்லப் பராமரிப்பு' கூடவே கூடாது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பது என்று படிப்பார்கள், அதாவது நேர் எதிரான பொருள். 'வீட்டுப் பராமரிப்பு' என்றால் வெள்ளையடிக்க ஆள் வருவார் என்று நினைப்பார்கள். 'வீட்டில் பராமரிப்பு உதவி' என்று நீட்டியே எழுதிவிடலாம்.

-----

தம்பி சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்ராறியோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் தொகை அறையைப் பொறுத்தது: தனி அறைக்கு ஒன்று, பகிர்ந்த அறைக்கு ஒன்று. தாதிமார் செலவை மாகாணம் ஏற்கிறது. இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் இருப்பவர் கட்டுகிறார். அங்கே இதற்குக் 'கோ-பேமென்ட்' என்று பெயர். அதுவும் பங்குதான் என்பதால் 'பங்குத்தொகை' இரண்டுக்கும் பொருந்துகிறது. 'பங்களிப்பு' மட்டும் வேண்டாம். விரும்பினால் கொடுக்கலாம் என்ற நன்கொடை வாடை அதில் அடிக்கிறது.

ஆனால் பில் கையில் வந்ததும் எந்த அம்மாவும் 'பங்குத்தொகை எவ்வளவு' என்று கேட்கமாட்டார். 'எவ்வளவு கட்டணும்' என்றுதான் கேட்பார். ஏட்டில் முதல் இடத்தில் 'நீங்கள் கட்டவேண்டிய பயனாளி பங்குத்தொகை' என்று முழுதாகவும், பிறகு 'பங்குத்தொகை' என்றும் எழுதுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பணமுடை வந்தால் தற்காலிகமாகக் குறைக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம் அல்லவா, அதைப் 'பங்குத்தொகைக் குறைப்பு' என்று எழுதலாம்.

-----

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. 'பயனாளி பங்குத்தொகை' என்றே மாற்றிவிட்டேன். அப்புறம், கையில் விட்டுவைக்கும் அந்த 325 டாலருக்கும் ஒரு பெயர் வேண்டும். 'கைச்செலவுத் தொகை' என்று போட்டிருக்கிறேன். 'சொந்தச் செலவுத் தொகை' என்றால் தன் செலவில் கட்டுவது என்று படிக்க இடமுண்டு. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஏடு அச்சுக்குப் போகிறது.