பிள்ளைகளுக்கு வழிகாட்ட வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: தறிவீட்டு மகள், குடியாத்தம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கைலித் தறி ஓடுகிறது, மீதி வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். நான் வேலூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள் தெருவில் பதினைந்து பேராவது இருப்பார்கள். ட்யூஷன் நடத்துவது என் எண்ணம் இல்லை. ஓர் அண்ணனோ அக்காவோ வாரந்தோறும் கூட உட்கார்ந்து பேச வேண்டும், பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும், பத்தாவதுக்கு அப்புறம் என்னென்ன படிக்கலாம் என்று சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகளின் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. எனக்கும் இருந்ததில்லை.

போன ஆண்டு ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஆசையாகத்தான் வந்தார்கள். செமஸ்டர் தேர்வு வந்ததும் நின்றார்கள், தேர்வு முடிந்தும் வரவில்லை. ஏழாவது படிக்கும் ஒரு பையன் அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டோடு பஜனைக் கோயில் திண்ணையில் வந்து காத்திருந்தான். மறுபடியும் பிள்ளைகளை அப்படிக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நிலைத்து வருகிற ஆட்களை எங்கே தேடுவது? தெருக்காரர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? வார நாட்களில் இரவு ஏழு மணிக்கு வைக்கலாம் என்றிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர், பேரணாம்பட்டு

கண்ணு, நீ தொடங்கு. ஆனால் ஆட்களை வெளியே தேடாதே, உன் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் தேடு. 2021-ல், தன்னார்வலர்கள் தெருவிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் பக்கத்தில் முன்வந்தவர்களில் நிறையப் பேர் பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருந்த மருமகள்கள்தான். பி.எஸ்சி. கணிதம் படித்த பெண்ணைத் தெருவுக்கே தெரியாமல் சமையலறையில் வைத்திருந்தோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாமியாரிடம் போய் உட்கார்ந்து பேசு. அவர் சரி என்றால் அந்தப் பெண் ஆண்டு முழுக்க வருவாள். ஷூ கம்பெனி சூப்பர்வைசர், ஓய்வு பெற்ற நர்ஸ், தபால்காரர் என்று ஊரிலேயே கிடக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கொடுக்காதே. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஜூனிலிருந்து ஏப்ரல் வரை என்று முதலிலேயே சொல்லிவிடு. அதற்கு முடியாது என்கிறவரை விளையாட்டு நாளுக்கு மட்டும் கூப்பிடு, பிள்ளையோடு சேர்த்துவிடாதே.

முதல் மாதம் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் சாயங்காலம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளட்டும். யார் தறிக்கு நூல் தார் சுற்றுகிறாள், யார் தம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், யார் வீட்டில் குடித்துவிட்டு வருகிறார்கள். எங்கள் ஊரில் உருது பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறைய, தெலுங்கு பேசுகிற வீடுகளும் உண்டு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுவார்கள். வீட்டு மொழியில் இரண்டு வார்த்தை பேசிப் பார், கடகடவென்று பேசும்.

எட்டாவது பிள்ளைகளைத் தனியாகக் கவனி. என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு அந்த வகுப்புக்குத்தான். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, பாடப் பகுதியில் 90. தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பாடத்தைப் பள்ளியில் நடத்துகிறார்கள், மனத்திறன் கேள்விகளுக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க ஆள் வேண்டும். அப்புறம் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கும், பிள்ளை பேரில் கணக்குத் தொடங்க வங்கிக்கும் அம்மாவோடு கூடப் போக ஒருவர் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அந்த வரிசையில் தனியாக நின்றுவிட்டுத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூடப் போவதும் வழிகாட்டியின் வேலைதான்.

பத்தாவது முடிக்கிற பெண் பிள்ளைகள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதை அதற்கு முன்னாலேயே அப்பா காதில் போட்டு வை. பையன்களுக்கும் 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது.

தெருவைச் சேர்ப்பது பற்றிக் கேட்டாய். தலைமை ஆசிரியரைப் பார், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச நேரம் கேள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் வாயால் ‘நடத்தலாம்’ என்று வந்துவிட்டால் இது உன் தனி முயற்சியாக இருக்காது. பணம் வாங்காதே. ஒரு வீடு பாய் கொடுக்கட்டும், ஒரு வீடு சுண்டல், ஒரு கடைக்காரர் விளக்கு. காமராசர் முதல்வரான பிறகு 1954-ல் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது உங்கள் குடியாத்தத்தில்தான். அவர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, பெஞ்சு, கரும்பலகை என்று மக்களிடமே கேட்டு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்று கேட்டால் நம் ஜனங்கள் இன்றைக்கும் கொடுப்பார்கள், கேட்கிறவர் தெரிந்த முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எவ்வளவு நல்லவர் என்றாலும் பிள்ளையோடு தனி அறையில் உட்காரக் கூடாது. திறந்த திண்ணை, நாலு பேர் கண் படுகிற இடம். தனியாக வண்டியில் ஏற்றிப் போவதோ, இரவில் வாட்ஸ்அப்பில் பேசுவதோ வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கு. தப்பு நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டம். ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

பதில்: மூன்று பிள்ளைகளுக்கு அம்மா, பேரணாம்பட்டு ரோடு

என் பெரியவள் எழுதித் தருகிறாள், சொல்வது நான். பாப்பா, வார நாளில் ஏழு மணி வேண்டாம். பீடி இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, முனை மடக்கிக் கட்டுப் போட எங்களுக்கு ராத்திரி ஆகிவிடும். மறுநாள் கடையில் கொடுத்தாக வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். அந்த நேரத்தில்தான் பிள்ளைகளை முனை மடக்கக் கூப்பிடுகிறோம். பதினாலு வயசுக்குள் இந்த வேலை கூடாது என்று சட்டம் இருப்பது எங்களுக்கும் தெரியும். தூள் நெடியில் பிள்ளை இருமும்போது எங்களுக்கும் வயிறு எரிகிறது. வந்த முதல் நாளே அதைச் சொல்லித் திட்டினவர்களை நாங்கள் வாசலோடு அனுப்பிவிட்டோம். என் மகளோடு உட்கார்ந்த அக்கா திட்டவில்லை. பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு என்னோடு பேசினாள். இரண்டு மாதம் போனதும் நானே பெரியவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வை, நாங்களும் வந்து உட்காருவோம்.

பதில்: ஆம்பூர் பையன்

அக்கா, எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் எங்கள் தெருவில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் அண்ணன். அவர் டிப்ளமோதான். பாடம் அதிகம் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் போன வாரம் நான் சொன்னதை இந்த வாரம் ஞாபகமாகக் கேட்பார். வீட்டில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை எங்களை வாணியம்பாடியைத் தாண்டி மலைமேல் காவலூர் வானோக்கு நிலையத்துக்கு அழைத்துப் போனார், இரண்டு பேருடைய அம்மாக்களும் கூட வந்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் மலையிலேயே இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போது வேலூரில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் விடுகிறார்கள், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு என்றால் நானும் குடியாத்தம் வருகிறேன். ஏப்ரல் வரை.

தறிவீட்டு மகள்

டீச்சர், அம்மா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை பத்து மணி என்று மாற்றிவிட்டேன். தலைமை ஆசிரியரைத் திங்கட்கிழமை பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். நடுவில் ஒருவருக்கு வேலை மாற்றல் வந்தால், கல்யாணமாகி வேறு ஊர் போனால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற டீச்சர், பேரணாம்பட்டு

போகத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது. சொல்லாமல் போகக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொள். ஒரு மாதம் முன்னாலேயே பிள்ளையிடம் நேரில் சொல்லட்டும். அடுத்து வருகிறவர் அந்த ஒரு மாதமும் பழையவரோடு சேர்ந்து உட்காரட்டும். அதற்காகவே இரண்டு பேரை உபரியாகப் பேசி வைத்துக்கொள். தம்பியை அந்தப் பட்டியலில் போடாதே, அவனுக்கு முதல் நாளே இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிடு.